கரம்பை ஆசிரியரிடம் எஞ்சிய ஒரு சொல்

1

முத்துராசு அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து இந்தப் பங்குனியோடு ஒரு வருடம் ஆகிறது. மதுரையில் இந்நேரம் வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். நான் இருக்கும் வட ஜெர்மனித் துறைமுக ஊரில் நேற்றுக்கூடப் பனி விழுந்தது. காலை ஷிப்டை முடித்துவிட்டு, முதியோர் இல்லத்தின் உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெளியே பஸ் வர நேரமிருக்கிறது. வீட்டுக்குப் போனால் எழுத விடாமல் ஏதாவது ஒரு வேலை வந்துவிடும்.

சிறுபத்திரிகைகளைத் தேடிப் படிக்கிறவர்கள்கூட 'கரம்பை'யைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். மதுரையிலிருந்து வந்த இலக்கிய, ஓவிய இதழ். காலாண்டிதழ் என்று அட்டையில் போட்டிருக்கும். வருடத்துக்கு இரண்டு வந்தால் அதிகம். ஒரு வருடம் வரவே இல்லை. பெரியார் பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையிலும், திருமங்கலத்தில் ஒரு பெட்டிக்கடையிலும் கிடைக்கும். மற்றதெல்லாம் தபால்தான். அதன் ஆசிரியர் முத்துராசு அண்ணன். பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு கோச்சடையில். கதைகளும் கவிதைகளும் கட்டுரைகளும் அங்கே போய்ச் சேரும். பாதிக்கு மேல், ஓரத்தில் பென்சில் குறிப்போடு எழுதியவருக்கே திரும்பிப் போகும்.

அதில் படம் வரைந்தவள் நான். ஊரில் இருந்தபோது மட்டுமில்லை, கல்யாணமாகி இங்கே வந்த பிறகும் வரைந்தேன். முதலில் தபாலில் அனுப்பினேன். பிறகு செல்போனில் படமெடுத்து அனுப்பினேன். இந்த ஊரில் நான் முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிவிடுகிறவள். மதுரையில் மட்டும் நான் ஓவியர். அந்த ஒரு இடத்தையும் எனக்காக வைத்திருந்தவர் அண்ணன்.

2

நான் கல்லூரியில் கணக்குப் படித்துக்கொண்டிருந்தபோது கரம்பையின் ஓர் இதழ் கையில் கிடைத்தது. அதைப் பார்த்துவிட்டு நாலு படங்களை அந்த முகவரிக்கு அனுப்பினேன். பதில் தபாலில் வரவில்லை, ஆளே வந்தார். மகால் பக்கத்தில் எங்கள் அத்தாவுக்கு ஜிப், பட்டன், நூல்கண்டு விற்கிற கடை. அங்கே வந்து நின்றார். அன்று நானும் கடையில்தான் இருந்தேன்.

அத்தா அவர் கையில் இருந்த இதழ்களைப் பார்த்துவிட்டு, "போன வாரம்தான் ஒரு சங்கத்துக்காரங்க வந்துட்டுப் போனாங்களே" என்றார்.

"நன்கொடைக்கு வரல பாய். உங்க மக வரைஞ்ச படம் ஒண்ணைப் போடப் போறேன். பேரோட போடலாமான்னு கேக்க வந்தேன்."

"எம் மகளா? அவ கணக்குல்ல படிக்கிறா?"

அண்ணன் சிரித்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி மூன்று படங்களைத் திருப்பிக் கொடுத்தார். "இந்த மூணும் யாரோ வரைஞ்சதும்மா. நாலாவதுதான் நீ வரைஞ்சது" என்றார். அன்றைக்கு எனக்கு எரிச்சலாக இருந்தது. வீட்டுக்குப் போய் அந்த மூன்றையும் பார்த்தபோது அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. வாரப் பத்திரிகைகளில் பார்த்துப் பார்த்துக் கைக்குப் பழகிய கோடுகள் அவை. நாலாவது, எங்கள் தெருக் குழாயடியில் குடம் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்த பெண்கள்.

இதழுக்கு ஏன் இந்தப் பெயர் என்று அத்தாதான் அவரிடம் கேட்டார். கண்மாயில் படிகிற வண்டலைக் கரம்பை என்போம், வயலுக்கு உரமாக அள்ளிப் போடுவார்கள். அண்ணனின் அப்பாவும் அம்மாவும் திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் கூலி வேலை செய்தவர்கள். சொந்தமாகக் கையளவு நிலமும் கிடையாது.

"சின்ன வயசுல அடுத்தவன் வயலுக்கு எம்புட்டோ கரம்பை சொமந்திருக்கேன் பாய். இது ஒண்ணு நம்ம சொந்த நெலத்துக்குன்னு வச்சுக்கங்களேன்."

அத்தா கல்லாவை விட்டு எழுந்து அவருக்கு நாற்காலி போட்டார். அன்று முதல் அவர் எனக்கு அண்ணன். அவர் மனைவி பாண்டியம்மாள் எனக்கு மதினி. மதினி அங்கன்வாடியில் வேலை பார்த்தவர். கரம்பையை ஒரு நாளும் புரட்டிப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டில் பத்துப் பேர் கூடிக் கத்திப் பேசிக்கொண்டிருப்போம். மதினி டீயைக் கொண்டுவந்து தரையில் நங்கென்று வைப்பார். "ஒருத்தனாவது தம்ளரைக் கழுவி வச்சுட்டுப் போறானா பாரு" என்று எங்கள் காதில் விழும்படியே சொல்வார். அவருக்கு இந்தப் பத்திரிகை ஆகாது என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம்.

3

போன பங்குனியில் ஒரு காலை. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கதிரேசனிடமிருந்து போன் வந்தது. கதிரேசன் கரம்பையின் பக்கங்களை வடிவமைக்கிறவர், டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் டிடிபி கடை வைத்திருக்கிறார். நல்ல கவிஞரும்கூட.

"அக்கா, அண்ணன் விழுந்துட்டாரு. வலது கையும் காலும் வரல. பேச்சும் போச்சு. முழுசாப் போகல... ஒரே ஒரு சொல்லு மட்டும் வருது."

"என்ன சொல்லு?"

"வேணாம்."

தண்ணீர் வேணுமா என்றால் வேணாம் என்கிறார், கொடுத்தால் குடித்துவிடுகிறார். மகன் ஓசூரிலிருந்து ஓடி வந்து கட்டிலருகே நின்றபோது வேணாம் என்றிருக்கிறார். மதினி அழுதபோதும் அதே சொல்தான். டாக்டரிடம் சொல்வதற்கு நூறு விஷயம் இருக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, வேணாம், வேணாம், வேணாம் என்று குரலை மட்டும் ஏற்றி இறக்கிச் சொல்கிறார். மூளையில் பேச்சுக்கான பகுதி அடிபட்டால் இப்படி ஒரு சொல் மட்டும் தங்கிவிடுவதுண்டு என்று டாக்டர் சொன்னாராம்.

எங்கள் இல்லத்திலும் அப்படி ஒரு மூதாட்டி இருக்கிறார். அவரிடம் தங்கியது 'ஆமாம்' என்ற சொல். வலிக்கிறதா என்றாலும் ஆமாம், வலி இல்லையே என்றாலும் ஆமாம். பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறாள்: சொல்லைக் கேட்காதீர்கள், முகத்தையும் கையையும் பாருங்கள். எனக்கு அது பழக்கம். நான் போய்ப் பக்கத்தில் இருந்தால் அண்ணனைப் புரிந்துகொண்டுவிடுவேன் என்று நினைத்தேன்.

போக முடியவில்லை. என் குடியிருப்பு அனுமதி அட்டையின் காலம் முடிந்து, புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம் அது. நாட்டுக்குள் இருக்கலாம், வேலை செய்யலாம், ஆனால் வெளியே போனால் திரும்ப விடுவார்கள் என்ற உத்தரவாதம் கிடையாது. அவசரப் பயணத்துக்குத் தனித் தாள் தருவார்கள் என்று கேள்விப்பட்டு, முன்பதிவு வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இளம்பெண் ஒருத்தி.

யாருக்கு உடம்பு சரியில்லை என்றாள். என் அண்ணனுக்கு என்றேன். ஒரே பெற்றோரா, பிறப்புச் சான்றிதழ் உண்டா என்றாள். அண்ணனின் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தாள். கூடப் பிறந்தவர் இல்லை, என் நண்பர் என்று திருத்தினேன். இத்தனை வருடம் இங்கே இருந்தும் இந்த இடத்தில் தடுக்கி விழுந்தேன். இந்த மொழியில் 'என் நண்பர்' என்று ஒரு பெண் சொன்னால் காதலர் என்று அர்த்தம். அவள் என் தலையில் இருந்த முக்காட்டையும் விண்ணப்பத்தில் இருந்த கணவர் பெயரையும் மாறி மாறிப் பார்த்தாள். பத்திரிகை, ஆசிரியர், படம் என்று தெரிந்த சொற்களை எல்லாம் அடுக்கினேன். அவள் பொறுமையாகத்தான் கேட்டாள். கடைசியில், "நெருங்கிய குடும்பத்தினருக்கு மட்டும்தான் இந்தத் தாள் தர முடியும், மன்னியுங்கள்" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அண்ணன் எனக்கு யார் என்பதை நான் தமிழில்கூட ஒரு தாளில் எழுதிக் காட்டியிருக்க முடியாது.

4

அண்ணன் விழுந்தபோது ஓர் இதழ் பாதியில் நின்றிருந்தது. எல்லாப் படைப்புகளையும் அவர் தேர்ந்தெடுத்து முடித்திருந்தார். கதிரேசன் பக்கங்களைத் தயார் செய்துவிட்டார். அண்ணன் ஒருமுறை பார்த்துத் திருத்தினால் அச்சுக்குப் போகவேண்டியதுதான். அதற்குள் இப்படி ஆகிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்துக் கதிரேசன் அவரிடம் கேட்டிருக்கிறார்: "அண்ணே, இதழைக் கொண்டு வந்துரலாமா?"

"வேணாம்."

கதிரேசன் மனம் உடைந்து எனக்குப் போன் செய்தார். நான் சொல்லை விட்டுவிட்டுக் கையைப் பார்க்கச் சொன்னேன். "இடது கையில பென்சிலைக் குடுங்க. பக்கத்தை முன்னாடி வைங்க. நான் வீடியோவுல இருக்கேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்குக் காலை, அவர்களுக்கு மத்தியானம். அண்ணனை நாற்காலியில் உட்காரவைத்து, வலது கைக்குக் கீழே தலையணை கொடுத்திருந்தார்கள். நெஞ்சு ஒடுங்கிப்போயிருந்தது. மதினி போனைப் பிடித்துக்கொண்டார். அண்ணனின் மடியில் கதிரேசன் ஒரு பலகையை வைத்து, அதன்மேல் முதல் பக்கத்தை வைத்தார்.

அண்ணன் குனிந்து பார்த்தார். கண் வரி வரியாக நகர்ந்தது. பிறகு இடது கையால், நடுங்கி நடுங்கி, பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"அக்கா! தலையங்கத்தை அடிச்சுட்டாரு!" கதிரேசன் சின்னப் பிள்ளை மாதிரி கத்தினார். நானும் இங்கே எழுந்து நின்றுவிட்டேன். அவர் வேலை பார்க்கிறார்! தன் தலையங்கத்தையே நீக்குகிறார்! அதைச் செய்யக்கூடியவர்தான் அவர்.

இரண்டாவது பக்கம் வைத்தார். கோடு. மூன்றாவது பக்கம் ஒரு கதை. அண்ணன் ஆசைப்பட்டு, எழுதிய பெண்ணின் ஊருக்கே போய்க் கேட்டு வாங்கி வந்தது. அதிலும் அதே கோடு.

"அண்ணே, இது நீங்க எடுத்த கதைதானண்ணே?" கதிரேசனின் குரல் இறங்கிவிட்டது.

"வேணாம்" என்றார் அண்ணன், அன்பாக.

அடுத்து என் படம். அதிலும் இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக அதே சாய்வான கோடு. எனக்கு வலித்தது, மறைப்பானேன். ஆனால் அதற்குள் மதினிக்கு ஏதோ தோன்றியிருக்கவேண்டும். போனைக் கதிரேசனிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தை எடுத்துவிட்டு மாத்திரை வாங்கிய காகிதப் பையை விரித்துப் பலகையில் வைத்தார். அண்ணன் அதையும் அதே கவனத்தோடு படித்தார். அதன் குறுக்கேயும் கோடு போட்டார். மதினி தினசரித் தாளை வைத்தார். அதிலும் கோடு.

கதிரேசன் போனை ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். அவர் அழுவது எனக்குக் கேட்டது. திரையில் அண்ணன் மட்டும் இருந்தார். பென்சிலைப் பிடித்தபடி அடுத்த தாளுக்காகக் காத்திருந்தார்.

5

அதற்குப் பிறகு இதழை என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. நிறுத்திவிடலாம் என்றார் கதிரேசன். "அவரு பத்திரிகைக்கா. அவரு பாக்காம ஒரு கமா போனதில்ல. அவரு வேணாங்கிறப்ப நாம போட்டா அது கரம்பை இல்ல." அவர் அர்த்தத்தோடு சொல்லவில்லையே என்றேன். "அர்த்தம் இல்லன்னு யாருக்கா முடிவு பண்றது? நீங்களா நானா?" என்றார்.

என் மகள் சமீனா பக்கத்து அறையிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். பள்ளி இறுதி வகுப்பு. தமிழ் பேசுவாள், அதுவும் பாதியில் ஜெர்மனுக்குத் தாவிவிடும். எழுத்து தெரியாது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை எட்டு வயதிலேயே நிறுத்திவிட்டாள். நானும் வற்புறுத்தவில்லை. வாரக் கடைசி ஷிப்டு எனக்கு.

"அம்மா, அவரு வேணாம்னு தெளிவா சொல்றாரே. நீங்க எல்லாரும் சேந்து அதை வேணும்னு மாத்துறீங்க. ஒருத்தர் வேணாம்னா வேணாம்தான்."

அவளுக்கு இந்த நாடு கற்றுக்கொடுத்த நல்ல பாடங்களில் அது ஒன்று. மூளை, சொல், நோய் என்று விளக்கப் பார்த்தேன். கேட்டுவிட்டு, "சரி. ஆனா அந்தப் பத்திரிகையை யார் படிக்கிறாங்க?" என்றாள். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். "உன்னோட படத்தை நானே அதுல பார்த்ததில்லையே." வீட்டில் அலமாரி நிறைய இதழ்கள் இருக்கின்றன. எடுத்துக் காட்டலாம் என்று எழுந்தேன். அதற்குள் அவள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சில நாள் கழித்து மதினியே கூப்பிட்டார். அதுவரை அவராக எனக்குப் போன் செய்ததில்லை.

"ஜமீலா, கதிரேசன்கிட்டச் சொல்லு. பொஸ்தகத்தை அச்சுக்குக் குடுக்கச் சொல்லு."

"மதினி, அண்ணனுக்கு..."

"அவருக்காகச் சொல்லல. அவருக்குத் தெரியுதோ தெரியலையோ அந்த மீனாட்சிக்குத்தான் வெளிச்சம். எனக்காகச் சொல்றேன். உங்க எலக்கியம் ஒண்ணும் எனக்குத் தெரியாது. ஆனா இந்த வீட்டுக்கு இம்புட்டு வருசமா அம்புட்டுப் பேரு வந்ததெல்லாம் அந்தப் பொஸ்தகத்துக்காகத்தான். எங்க சொந்தக்காரன்கூட அப்படி வரல. அது நின்னுபோச்சுன்னா இந்தப் படியை எவன் மிதிப்பான்? மகன் மாசம் ஒருக்கா வாரான், போறான். நானும் இவரும் இந்தச் செவுத்தைப் பாத்துக்கிட்டே... எனக்குப் பயமா இருக்கு ஜமீலா."

மதினி பயம் என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றே மதினி சொன்னதைக் கதிரேசனிடம் சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசாமல், "சரிக்கா, போட்டுருவோம்" என்றார்.

6

ஆனி மாதத்தில் இதழ் வந்தது. ஆசிரியர் என்ற இடத்தில் அண்ணன் பெயர். திருத்தாமல் போனதால் பிழைகள் இருந்தன. கோச்சடை வீட்டிலேயே ஒரு கூட்டம் வைத்தார்கள். கதிரேசன் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். கூடம் கொள்ளாமல் வாசல் வரை ஆட்கள். ஒருவர் அண்ணனைப் பற்றிக் கட்டுரை படித்தார். அவர் எதிரில் இருக்கும்போதே எல்லாம் இறந்தகாலத்தில் இருந்தது. இளைஞர்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மதினி புதுச் சேலை கட்டியிருந்தார். எல்லோருக்கும் டீ கொடுத்தார். தம்ளரைப் பற்றி யாரையும் திட்டவில்லை.

மறுநாள் போனில், "வீடு நெறஞ்சு போச்சு ஜமீலா. உக்கார எடமில்ல" என்றார். கல்யாண வீட்டுக்காரர் மாதிரி களைத்த சந்தோஷம் குரலில்.

ஆடியில் சிலர் வந்தார்கள். ஆவணியில் கதிரேசன் மட்டும் வந்தார். பிறகு அவர் கடையையும் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டி வந்தது. படைப்புகள் கேட்டு அவர் போட்ட பதிவைப் பலர் பாராட்டினார்கள், யாரும் எதுவும் அனுப்பவில்லை. அடுத்த இதழ் வரவில்லை. இனி வரும் என்று நான் நினைக்கவில்லை.

7

புதிய குடியிருப்பு அட்டை கைக்கு வந்ததும் மார்கழியில் கிளம்பினேன். சமீனாவைக் கூப்பிட்டேன். தேர்வு இருக்கிறது என்றாள். இருந்ததுதான்.

அண்ணன் என்னைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கினார். அடையாளம் தெரிந்ததாகவே எடுத்துக்கொண்டேன். அத்தனை வருடம் பேச்சு போனவர்களைப் புரிந்துகொள்ளப் பழகியவள், அந்த முகத்துக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாமல் நாட்களைக் கழித்தேன். சில நேரம் அவர் கண்ணில் நீர் வரும். மூளை அடிபட்டவர்களுக்குக் காரணமில்லாமலும் வரும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைசி நாளன்று மதினி அவரைக் குளிப்பாட்டப் போனபோது, நான் செய்கிறேன் என்றேன்.

"நீ விருந்தாளிம்மா. பொம்பளப் புள்ள, அதெல்லாம் நீ செய்யக் கூடாது."

"அங்க எனக்கு இதுதான் மதினி வேலை."

ஆஸ்பத்திரியில் வேலை என்றுதான் ஊரில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். மதினி என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு துண்டை என் கையில் கொடுத்தார்.

குளிப்பாட்டி, முகம் மழித்து, நகம் வெட்டி, சட்டை மாட்டி நாற்காலியில் உட்காரவைத்தேன். இதே கைகளால் எத்தனையோ அந்நியர்களுக்குச் செய்திருக்கிறேன், தடுமாறியதில்லை. அண்ணனுக்குச் சட்டைப் பொத்தானைத் துளை மாற்றிப் போட்டுவிட்டு, அவிழ்த்து மறுபடி போட்டேன். திரும்பிப் பார்த்தால், மதினி வெறும் தரையில் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிப் போயிருந்தார். வாயைத் திறந்தபடி, அடித்துப் போட்ட மாதிரி தூக்கம். நான் எழுப்பவில்லை. வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். தெருவில் சிலிண்டர் வண்டி போனது. எதிர் வீட்டில் யாரோ துணி துவைத்தார்கள். வெயில் சாயும் வரை இரண்டு பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவரும் வரவில்லை.

மதினி திடுக்கிட்டு எழுந்தார். சேலையைச் சரிசெய்தபடி முதலில் கேட்டது இதைத்தான்:

"நான் பாட்டுக்குத் தூங்கிட்டேனே! யாரும் வந்தாங்களா ஜமீலா?"

"வந்தாங்க மதினி. திருமங்கலத்துல இருந்து ரெண்டு பேரு. அண்ணனைப் பாத்துட்டுக் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போனாங்க."

"டீ குடுத்தியா?"

"குடுத்தேன்."

மதினி எழுந்து சமையலறைக்குப் போனார். காலையில் கழுவிக் கவிழ்த்த தம்ளர்கள் அங்கே வைத்தது வைத்தபடி காய்ந்துகிடந்தன. அடுப்பும் ஆறித்தான் இருந்தது. அவர் உள்ளே வெகுநேரம் நின்றார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

"இன்னொரு தடவை வந்தாங்கன்னா என்னைய எழுப்பி விடு" என்றார்.